ஏழாம் நம்பர் தொட்டியும் ஏழாம் நவாபும்

கலையரசிக்கு வயது நாற்பத்தாறு. ஓரிக்கையில் இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அச்சான ஒரு புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தின்படி அவள் மனுஷியே இல்லை, வெள்ளைத் தாமரையில் வீணையோடு உட்கார்ந்திருக்கும் தெய்வம். அந்தப் பக்கத்தை அச்சடித்தவன் நான்தான். சின்ன காஞ்சிபுரத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, நடுநடுவே ஊர்ப் பெரிய மனிதர்கள் எழுதும் புத்தகங்கள். பெயர் அந்தோணி. இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் வரிசை கொஞ்சம் நீளம். அதில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது.

கலையரசியின் அப்பா அம்மா பாலாற்றுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவள் எட்டாவது வரை படித்தாள். காசிநாதனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பேச்சு குறைவு. வீட்டில் பேச வேண்டிய மொத்தப் பேச்சையும் இவளே பேசிவிடுவதால் அது குறையாகத் தெரிவதில்லை. துர்கா என்று ஒரே மகள்.

இருபத்து நாலு வயதில் செவிலிமேட்டுப் பக்கம் மணிவண்ணன் என்பவருடைய சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓடு போட்ட கூடம், எட்டுத் தொட்டி, வெந்நீருக்கு ஒரு பாய்லர். வாசலில் மட்டும் 'கம்பெனி' என்று ஆளுயரப் போர்டு. பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை எடுப்பார்கள். பிறகு நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டிச் சாயத் தொட்டிக்குள் முக்கிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திங்கட்கிழமை அரக்கு என்றால் அன்றைக்கு முழங்கை வரை அரக்கு. செவ்வாய்க்கிழமை கிளிப்பச்சை என்றால் அரக்குக்கு மேலே கிளிப்பச்சை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி கையைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்ததை கலையரசி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். உள்ளே தாம்பூலத் தட்டோடு நின்ற மணப்பெண் கட்டியிருந்தது இவள் புரட்டிய அரக்காகக்கூட இருக்கலாம். அந்த அம்மாளுக்கு அது எப்படித் தெரியும்?

கலையரசிக்கு ஒரு பழக்கம், எதைப் பார்த்தாலும் பெயர் வைப்பாள். பாய்லர் ஆவியைத் தள்ளும்போது கூடமே அதிரும், அதற்குப் 'பீரங்கி' என்று பெயர். மேஸ்திரி வீரபத்திரன் அந்த ஈரத் தரையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, 'க்விக் க்விக்' என்று இரண்டே வார்த்தை இங்கிலீஷோடு நடப்பான். அவனுக்கு 'தொரை'. பெண்கள் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும். வாய்க்கு வேலை கொடுத்தால் காலுக்கு வலி தெரியாது என்று அவளே இரண்டிரண்டு அடியாகக் கட்டிப் பாடுவாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எல்லாம் ஒரு நாள் பாட்டு, மறுநாள் மறந்துவிடும்.

மறக்காத பாட்டு ஏழாம் நம்பர் தொட்டியால் வந்தது.

அந்தத் தொட்டியின் வடிகால் துளைக்கு இருந்த அடைப்பு தேய்ந்துபோய், கோணித்துணி சுற்றி அடித்து வைத்திருந்தார்கள். "அண்ணே, இது ஒருநாள் புடுங்கிக்கினு வரும் பாரு" என்று கலையரசி வீரபத்திரனிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் அவன் சொன்னது "பாத்துக்கலாம்." பார்த்துக்கொண்டுதான் இருந்தான், தொட்டியை அல்ல. இரண்டாயிரத்துப் பதினொன்று ஆடி மாதம். ஆவணி முகூர்த்தத்துக்கு நூல் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்த சமயம். காலையில் பத்து மணி இருக்கும், அடைப்பு பிடுங்கிக்கொண்டது. கொதிக்கிற அரக்குச் சாயம் பக்கத்தில் கழி புரட்டிக்கொண்டிருந்த மரியம்மாள் காலில் பாய்ந்தது.

மரியம்மாள் எங்கள் மாதா கோயில்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்றாவது வரிசையில் உட்காருவாள். அவள் கத்திய கத்தலுக்குப் பீரங்கிச் சத்தம்கூட அடங்கிவிட்டது என்பார்கள். வீரபத்திரன் ஓடிவந்தான். வந்து அவன் போட்ட முதல் கூச்சல் இது: "சிட்டத்தத் தூக்குங்க! சிட்டத்தத் தூக்குங்க! கலர் திட்டு விழுந்துடும்!"

நாலு பெண்கள் பழக்க தோஷத்தில் சிட்டத்தைத் தூக்கினார்கள். அதை நினைத்து அவர்கள் பிறகு அழுதார்கள். கலையரசி கழியைப் போட்டுவிட்டு மரியம்மாளைத் தூக்கினாள். முழங்காலுக்குக் கீழே எது சாயம், எது தோல் என்று தெரியவில்லை. காசிநாதன் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

மறுநாள் முதலாளி மணிவண்ணன் வந்தார். தொட்டியைப் பார்த்தார். திட்டு விழுந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கும் வந்து, கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, "கவனமா இருக்கணும்மா" என்றார். சாத்துக்குடி ஒரு பை. பெரிய மனசு.

அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கலையரசி பாட்டைக் கட்டினாள். மரியம்மாளைச் சிரிக்கவைக்கத்தான் முதலில் ஆரம்பித்தாளாம். ஒவ்வோர் அடியாகச் சொல்ல, மரியம்மாள் வலியோடு, "இன்னும் நல்லா ஏத்துடி" என்றாளாம். இதுதான் அந்தப் பாட்டு.

*காஞ்சிவரம் கோபுரத்தில் கண்ணு கூசுதாம்*
*கம்பெனிக்குள் போன பொண்ணு காலு வேகுதாம்*
*ஏழாம் நம்பரு வாயத் தொறந்தா எட்டூரு ஓடும்*
*பீரங்கிதான் முழங்க முழங்கப் பொழுது போவும்*

*தொரை வராரு தொரை வராரு பூட்சுக் காலோட*
*தொட்டித் தண்ணி ஒட்டிக்கிச்சு எங்க தோலோட*
*நூலத் தூக்கு நூலத் தூக்குன்னு கூவுறார் தொரை*
*ஆளத் தூக்க யாரும் இல்ல அதுதான் கொறை*

*பட்டு கட்டிப் போறவளே திரும்பிப் பாரடி*
*பாதிச் சாயம் சேலையில, மீதி எங்க மேலடி*

அடுத்த திங்கட்கிழமை பட்டறையில் இருந்த பதினாறு பெண்களும் கழியைப் புரட்டிக்கொண்டே பாடினார்கள். வீரபத்திரன் முதலில் பூட்ஸ் காலால் தாளம் போட்டான். மெட்டு அப்படி. இரண்டாவது தடவை 'பூட்சுக் காலோட' வந்தபோதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"யாரு கட்டினது?"

"நான்தாண்ணே" என்றாள் கலையரசி.

"என்னயப் பத்தியா பாடுறே?"

"ஒம் பேரு வீரபத்திரன்தானே? தொரைன்னு வேற யாராவது இருக்காங்களா இங்க?"

அன்று மதியத்தோடு அவளுக்கு வேலை போயிற்று. முதலாளியிடம் என்னவென்று சொன்னானோ தெரியவில்லை. அதற்கப்புறம் ஏழாம் நம்பர் தொட்டிக்குப் புது அடைப்பு போட்டார்கள். எப்போது போட்டார்கள் பாருங்கள்.

பாட்டு மட்டும் வேலையை விட்டுப் போகவில்லை. அங்கிருந்து விலகிய பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், செங்கல் சூளைக்குப் போனார்கள், ஒரகடத்துப் பக்கம் கம்பெனி பஸ் ஏறினார்கள். போன இடமெல்லாம் பாடினார்கள். கம்பெனி என்றால் அவரவர் கம்பெனி, தொரை என்றால் அவரவர் தொரை. எட்டு வருஷத்தில் செவிலிமேட்டில் அந்தப் பாட்டுத் தெரியாத பெண் இல்லை. கட்டியவள் பெயர் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை.

இங்கேதான் தணிகாசலம் வருகிறார். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை நாட்டுப்புறப் பாடல் என்றால் மூக்கைச் சுளிப்பார். ஓய்வு பெற்ற மறு வருஷம் நாட்டுப்புற ஆய்வாளர் ஆகிவிட்டார். சங்க இலக்கியத்தில் போட்டி அதிகம், இதில் கிடையாது. ஒரு நாள் ஏரி வேலை நடக்கிற இடத்துக்குக் குடையோடு போனார். பெண்கள் மண் சுமந்துகொண்டே பாடியதைச் செல்போனில் ஆறு நிமிஷம் பதிவு செய்தார். "இது யார் தந்த பாட்டும்மா?" என்று கேட்டார். ஒரு பெண் மண்கூடையோடு திரும்பி, "கலையரசி குடுத்ததுங்க" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. வெயில் அதிகம்.

இரண்டு மாதத்தில் புத்தகம் ஆயிற்று: 'நவாபு காலத்து நாட்டுப் பாடல்கள்.' என்னிடம்தான் வந்தது. 'கம்பெனி' என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியாம். 'தொரை' வெள்ளைக்காரத் துரையாம். 'பீரங்கி'க்கு நாலு பக்கம், எங்கள் ஊரைச் சுற்றி நடந்த யுத்தங்கள் எல்லாம் வருகின்றன. 'பாடும் பெண்கள் இப்பாடல் கலையரசி தந்தது என்கின்றனர். கலைமகளின் அருளால் தோன்றியதாக மக்கள் நம்புவது இதன் தொன்மையைக் காட்டும்' என்று நாற்பத்தோராம் பக்கம்.

பிழை திருத்துவதற்காக அவர் பதிவையும் கொடுத்திருந்தார். நான் கேட்டேன். எனக்குக் காது செவிடில்லை.

"சார், பதிவுல 'ஏழாம் நம்பரு'ன்னு கேக்குது. நீங்க 'ஏழாம் நவாபு'ன்னு எழுதியிருக்கீங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது வாய்மொழித் திரிபு அந்தோணி. நவாபு, நவாரு, நவரு, நம்பரு. இருநூறு வருஷத்துல சொல் தேயும்."

"ஏழாவது நவாப் யாரு சார்?"

"அது ஆய்வுக்குரியது."

"கடைசி ரெண்டு அடியைக் காணோமே? பாதிச் சாயம்..."

"இடைச்செருகல். நடையே வேற. யாரோ சமீபத்துல சேர்த்தது."

புத்தகத்தின் செலவை ஏற்றுக்கொண்டவர் மணிவண்ணன். அந்த எட்டு வருஷத்தில் சாயப்பட்டறையை மூடிவிட்டு நாலு மாடியில் பட்டுக்கடை வைத்திருந்தார். முதல் பக்கத்தில் அவர் படம், பின்னட்டையில் கடை விளம்பரம். சேலை விற்கிறவர் காசில் சேலையைப் பற்றிய அந்த இரண்டடி எப்படி வரும்? எனக்கு அது அப்போதே புரிந்தது. மரியம்மாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை இழுத்துக்கொண்டு என் முன்னால் நடந்து போகிறவள். தொட்டி, வெந்த கால், மணிவண்ணன், மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் போதும். நான் அந்த அரை நிமிஷத்தைச் செலவு செய்யவில்லை. ஐந்நூறு பிரதி அடித்துக் கட்டிக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில், காலை பத்தரைக்கு. கலையரசிக்கு அப்போது அந்த மண்டபத்தில்தான் வேலை. இலை எடுப்பது, தரை கழுவுவது. மரியம்மாளையும் கூட்டி வந்து உட்கார்ந்து செய்கிற வேலையில், பாத்திரம் துலக்குவதில், சேர்த்திருந்தாள். இருவரும் பின்கட்டில் இருந்தார்கள். மேடையில் கல்லூரிப் பெண்கள் எட்டுப் பேர் மணிவண்ணன் கடைப் புடவையில், விலைச்சீட்டை முந்தானைக்குள் மடித்துச் செருகிக்கொண்டு, கோலாட்டம் ஆடினார்கள். ஒலிபெருக்கி அலறியது: "கலைமகளாம் கலையரசி அருளிய, இருநூறு ஆண்டுப் பழமை வாய்ந்த..."

தன் பெயரைக் கேட்டு கலையரசி நிமிர்ந்தாள். பிறகு மெட்டைக் கேட்டாள். துடைப்பத்தோடு கூடத்துக்குள் வந்தாள். 'ஏழாம் நவாபு வாயைத் திறந்தால்' என்று பெண்கள் பாடியபோது, நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. யாரோ தன் பிள்ளைக்கு மொட்டையடித்து வேறு பெயர் வைத்துக் கூட்டிவந்ததைப் பார்க்கிற முகம்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும், "சார்" என்றாள். மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது. "அது நவாபு இல்ல சார், நம்பரு. ஏழாம் நம்பர் தொட்டி. இது நான் கட்டின பாட்டு."

தணிகாசலம் சிரித்தார். மேடையில் இருப்பவர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு, அது. "உங்க பேர் என்னம்மா?"

"கலையரசி."

"ரொம்ப மகிழ்ச்சி. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாதும்மா. மக்கள்தான் ஆசிரியர்."

"நான் மக்கள் இல்லியா சார்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். மணிவண்ணன் தலை குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். தணிகாசலம் விடவில்லை. "இதுல துரை வர்றார், பூட்ஸ் வருது, பீரங்கி வருது. நீங்க எப்படிம்மா கட்டியிருக்க முடியும்?"

கலையரசி சுற்றிப் பார்த்தாள். பூங்கொத்துத் தட்டோடு மேடைப் படிக்கட்டில் நின்றிருந்தான் வீரபத்திரன். இப்போது பட்டுக்கடையில் மேனேஜர். வயதாகிவிட்டது, பூட்ஸ் மட்டும் அப்படியே.

"தோ நிக்கிறாரே, இவருதான் தொரை. இருநூறு வயசு ஆச்சான்னு நீங்களே கேளுங்க சார்."

கூடமே சிரித்தது. கோலாட்டப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "தொரை, கப்பல்ல வந்தீங்களா, பஸ்ல வந்தீங்களா?" என்று கேட்டார். வீரபத்திரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் நகரவில்லை. விட்டுப்போன கடைசி இரண்டு அடியையும் நின்ற இடத்திலேயே பாடினாள். பின்கட்டு வாசலில் மரியம்மாள் வந்து நின்று கூடப் பாடினாள், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. பார்க்க விரும்பியவர்கள் பார்த்தார்கள். பெரும்பாலோர் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

பிறகு சாப்பாடு போட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். இலையை கலையரசிதான் எடுத்தாள். என் இலையை எடுக்கும்போது, "பொஸ்தகம் உங்க பிரஸ்ல அடிச்சதா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "எழுத்து நல்லா பெருசா இருக்குது" என்றாள்.

அடுத்த வாரம் மண்டபத்தில் அவளையும் மரியம்மாளையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தணிகாசலத்துக்கு ஒரு சங்கத்தில் 'நாட்டுப்புறச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். இரண்டாம் பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்: 'இன்றும் சில பெண்கள் இதைத் தம் சொந்தப் பாடலாகவே உணர்ந்து பாடுவது இப்பாடலின் உயிர்ப்புக்குச் சான்று.' ஒரு மனுஷியை முகத்துக்கு நேரே பார்த்துவிட்டு வந்து, அவளையே சான்றாக்கிவிட எவ்வளவு படிப்பு வேண்டும்!

அதோடு நிற்கவில்லை. புத்தகம் கல்லூரியில் துணைப்பாடமாக வந்தது. கலையரசியின் மகள் துர்கா அங்கே பி.ஏ. இரண்டாம் வருஷம். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி: 'ஏழாம் நவாபு குறிப்பு வரைக.' துர்கா எழுதியது: 'ஏழாம் நவாபு என்பது செவிலிமேட்டில் இருந்த ஒரு சாயத்தொட்டி. அதில் வேலை செய்தவர் என் அம்மா.' பூஜ்யம் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'கற்பனை' என்று எழுதியிருந்தார்கள்.

துர்கா அதை வீட்டில் பெருமையாகக் காட்டினாள். கலையரசி பேயாட்டம் ஆடிவிட்டாள். "பைத்தியமாடி உனுக்கு? நவாபுன்னு எழுதி ரெண்டு மார்க்க வாங்கினு வரத்தானே? பாட்டு யாருதுன்னு எனுக்குத் தெரியும். எனுக்கு வேண்டியது உன் டிகிரி."

"நான் எப்படிம்மா பொய் எழுதுவேன்?"

"அத்தனை பேரு எழுதினு இருக்காங்க, உனுக்கு மட்டும் கை நோவுதா?"

காசிநாதன் வாய் திறந்தது அன்றைக்குத்தான். "புள்ள கரெக்டா எழுதியிருக்குது. பொஸ்தகம்தான் தப்பு. பொஸ்தகத்த மாத்து" என்றான். சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கலையரசி என் அச்சகத்துக்கு வந்தாள். அதுவரை அவள் ஏறாத படி. நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணே, ஒரு நோட்டீசு அடிக்கணும். பாட்டு முழுசா. கீழ என் பேரு, மரியம்மா பேரு, எந்த வருசம், எந்தத் தொட்டி, அல்லாம்."

"அடிச்சுடலாம்மா. நீ ஒண்ணும் தர வேணாம், என் பொறுப்பு" என்றேன்.

"தர்மம் பண்றியாண்ணே?" என்றாள். "தப்பு பண்ணவன் தப்ப திருத்துறதுக்குத் தர்மம்னு பேரா உங்க ஊர்ல?"

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். 'வாயத் தொறந்தா' என்றதை நான் 'வாயைத் திறந்தால்' என்று அடிக்க, திரையைத் தட்டி நிறுத்தினாள். "நான் சொல்றத அடி. நீ பேசுறத அடிக்காத." முந்நூறு அடித்தோம், மிச்சம் கிடந்த கல்யாணப் பத்திரிகைக் காகிதத்தில், வெளிறிய ரோஜா நிறத்தில். அதிலும் மரியம்மாள் பெயரில் ஒரு எழுத்து விழுங்கிவிட்டேன். முந்நூறிலும் பேனாவால் போட வைத்தாள். நான் உட்கார்ந்து போட்டேன், அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவற்றைக் கல்லூரி வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் அவளும் மரியம்மாளும் கொடுத்தார்கள். பலர் பட்டுக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் என்று நினைத்து வாங்கிப் பார்த்துவிட்டுப் போட்டார்கள். சில பெண்கள் அங்கேயே நின்று வாய்விட்டுப் பாடினார்கள். தணிகாசலமும் ஒன்று வாங்கினார், அடிக்கோடிட்டுப் படித்தார். மூன்றாம் பதிப்புக்கு என்னிடம் வந்தபோது, "'தற்காலப் போலி வடிவங்கள்' என்று ஒரு இயல் சேர்க்கலாமா அந்தோணி?" என்று கேட்டார். வேறு அச்சகம் பாருங்கள் சார் என்றேன். ஊரில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை, அது வெளிவந்துவிட்டது.

கலையரசி இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அங்கே தலைமை நர்ஸுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். என்ன பெயர் என்று கேட்டேன். "ஏன், பொஸ்தகத்துல போடறதுக்கா?" என்று சொல்லிவிட்டு, செவிலிமேட்டு டவுன் பஸ் வரவும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.